டி-டே சிப்பாய்களின் நினைவுகளை எப்படிக் கேட்பது?

போர் வரலாற்றைப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே நாள், ஒரே கடற்கரை. அங்கே இருந்த இரண்டு பேர் சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒருவர் மணலைக் கடக்கப் பத்து நிமிடம் ஆனது என்பார், அவர் பக்கத்திலேயே ஓடியவர் இரண்டு மணி நேரம் என்பார். இருவருமே பொய் சொல்பவர்களாகத் தெரியாது. அப்படியானால் யாரை நம்புவது, எந்த அளவுக்கு நம்புவது?

இதைப் புரிந்துகொள்ள நேரடிச் சாட்சியம் என்பது எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். அதை 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் வடக்குக் கரையிலுள்ள நார்மண்டியில் நடந்த தரையிறக்கத்தை வைத்துப் பார்க்கலாம். டி-டே என்று உலகம் அழைக்கும் அந்த நாளைப் பற்றிச் சிப்பாய்கள் சொன்னவை அவ்வளவு ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. அதனால் தொடக்கநிலை வாசகர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

முதலில் நிகழ்வு, சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் 1940 முதல் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அதை மீட்க அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட நேச நாடுகளின் படைகள் இங்கிலாந்திலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தன. மொத்தம் ஐந்து கரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கேதப் பெயர். யூட்டாவும் ஓமாஹாவும் அமெரிக்கர்களுக்கு, கோல்டும் ஸ்வோர்டும் பிரிட்டிஷாருக்கு, ஜூனோ கனடியர்களுக்கு. ஏறக்குறைய 7,000 கப்பல்களும் படகுகளும் பங்கெடுத்தன. அந்த ஒரே நாளில் சுமார் 1,56,000 பேர் பிரெஞ்சு மண்ணில் இறங்கினார்கள். அதில் ஏறத்தாழ 24,000 பேர் பாராசூட்டிலும் கிளைடரிலும் (எஞ்சின் இல்லாத விமானம்) வந்தவர்கள், மற்ற எல்லோரும் கடல் வழியாக. நேச நாட்டுத் தரப்பில் அன்று இறந்தவர்கள் 4,400-க்கும் மேல். இந்த எண்ணிக்கைகூட உடனே தெரிந்துவிடவில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஊரில் உள்ள டி-டே நினைவிட அறக்கட்டளை பல ஆண்டுகள் உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை சுமார் 2,500 என்றே பலரும் எழுதிவந்தார்கள்.

சாட்சியம் என்றால் எது?

ஒருவர் தான் இருந்த இடத்தில் கண்டதையும் கேட்டதையும் உடம்பால் அனுபவித்ததையும் தானே சொன்னால் அது நேரடிச் சாட்சியம். கடிதம், நாட்குறிப்பு, பேட்டி, முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பு எல்லாமே இதில் சேரும். ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பேச்சை அப்படியே பதிவு செய்து பாதுகாப்பதை வாய்மொழி வரலாறு என்கிறோம். இன்னொரு பக்கம் ஆவணங்கள் இருக்கின்றன: படைப்பிரிவின் நாள் அறிக்கை, கப்பலின் பதிவேடு, தளபதியின் கட்டளை, வரைபடம்.

இந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எந்தப் பிரிவு எத்தனை மணிக்கு எங்கே நகர்ந்தது என்று அறிய ஆவணம் வேண்டும். அங்கே நிற்பது எப்படி இருந்தது என்று அறியச் சிப்பாய் வேண்டும். தொடக்கநிலை வாசகர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றொன்றிடம் கேட்டுவிட்டு, பதில் தப்பாக இருக்கிறது என்று ஏமாந்து போகிறார்கள்.

உடம்பு மறக்காதது

ஓமாஹா கரைக்கான படைகளை ஏற்றிவந்த கப்பல்கள் கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டன. ஜெர்மன் பீரங்கிகள் எட்டாத தூரம் வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. அங்கிருந்து சிப்பாய்கள் இருட்டிலேயே சிறு படகுகளுக்கு மாறினார்கள், பலர் கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்ட கயிற்று வலையைப் பிடித்து இறங்கி. அமெரிக்கர்கள் அதிகம் பயன்படுத்திய ஹிக்கின்ஸ் படகு சுமார் 11 மீட்டர் நீளம். ஒட்டுப்பலகையால் ஆனது, அடிப்பாகம் தட்டை, முன்பக்கம் மடங்கி விழும் ஒரு சாய்பலகை. உள்ளே 36 பேர் வரை தோளோடு தோள் உரச நிற்கலாம். தட்டையான அடிப்பாகம் கரையில் ஏறுவதற்கு வசதி. ஆனால் அலையில் அந்தப் படகு படாதபாடு படுத்தும்.

அன்று அலையும் பெரிது. உண்மையில் தரையிறக்கம் ஜூன் 5 அன்று நடந்திருக்க வேண்டும். மோசமான வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போனது. அதனால் பலர் படகில் கால் வைப்பதற்கு முன்பே நாள் கணக்கில் கப்பலுக்குள் அடைந்து கிடந்தவர்கள்.

இந்தப் பயணத்தைப் பற்றிய பேட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வாந்தி வரும். காகிதப் பை கொடுத்திருந்தார்கள், அது போதாமல் தலைக்கவசத்தில் எடுத்தார்கள். படகுக்குள் ஏறிய தண்ணீரை இறைக்கவும் அதே தலைக்கவசம்தான். விஷவாயுத் தாக்குதலுக்குப் பயந்து ரசாயனம் தோய்த்துக் கொடுத்த சீருடை, விறைப்பும் நாற்றமுமாக உடம்பில் ஒட்டியது. முதுகிலும் மார்பிலும் 30 கிலோ அளவுக்குச் சுமை. துப்பாக்கிக்குள் உப்புத் தண்ணீர் போகாமலிருக்க அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தார்கள். இடுப்பில் காற்றடைத்த மிதவைப் பட்டை. ஆழமான இடத்தில் இறக்கிவிடப்பட்டவர்களில் சிலரை அந்தப் பட்டையே கொன்றது. மார்புக்கு மேலே சுமை கனக்க, இடுப்பை மட்டும் மிதவை தூக்கிப் பிடிக்க, ஆள் தலைகீழாகக் கவிழ்ந்தான்.

ஸ்வோர்ட் கரையில் இறங்கிய பில் மில்லின் என்ற 21 வயது பைப்பர், அதாவது ஸ்காட்லாந்துப் பைக்குழல் வாசிப்பவர், பின்னாளில் சொன்னது இது. தண்ணீரில் குதித்தபோது அவருடைய கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் பாவாடை போன்ற உடை, நீர்மட்டத்தில் விரிந்து மிதந்தது. அந்தக் குளிரின் அதிர்ச்சியிலேயே குமட்டல் நின்றுபோனது. உடனே குழலை வாசிக்கத் தொடங்கிவிட்டார். எந்த அறிக்கையிலும் இதற்கு இடம் இருக்காது.

இந்த மாதிரி விவரங்களைப் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. குளிர், நாற்றம், எடை, குமட்டல் ஆகியவை உடம்பில் தங்கிவிடுபவை. அதைவிட முக்கியம், ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானவர்கள், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒரே மாதிரி இதைச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு தலைக்கவசத்தில் வாந்தி எடுத்த கதையைச் சொல்லப்போவதில்லை. சாட்சியத்தின் மதிப்பை அளக்க வரலாற்றாசிரியர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: தனித்தனியே வந்த எத்தனை பேச்சுகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்று.

அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

தேர்த்திருவிழாவில் வடம் பிடித்து இழுப்பவருக்குக் கண்ணில் படுவது முன்னால் இழுப்பவரின் முதுகும் கையிலிருக்கும் வடமும்தான். தேர் எங்கே திரும்புகிறது, பின்னால் எங்கே நின்றுவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஓமாஹாவில் இருந்த சிப்பாயின் நிலையும் அதுதான். புகை, தண்ணீர், மணல், சுற்றிலும் பத்து இருபது ஆட்கள். அவருடைய போர்க்களம் அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. டாங்கிகள் வரும் என்று சொன்னார்கள், வரவே இல்லை என்று ஓமாஹாவில் இறங்கியவர்கள் கசப்போடு சொல்வதுண்டு. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால் டாங்கிகள் ஏன் வரவில்லை என்பது மணலில் படுத்துக் கிடந்தவருக்குத் தெரிய வழியில்லை. அதை ஆவணம்தான் சொல்கிறது. ஓமாஹாவின் கிழக்குப் பாதிக்கு வர வேண்டிய 741ஆவது டாங்கிப் பிரிவு, துணிச் சுவர் கட்டி மிதக்கவிட்ட 29 டாங்கிகளைக் கரைக்கு வெகு தூரத்திலேயே கடலில் இறக்கியது. அலை துணியை மடக்கியது, 27 டாங்கிகள் மூழ்கின. அதே கரையின் மேற்குப் பாதியில் டாங்கிகளைப் படகிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள், அங்கே நிலைமை வேறு. ஆகவே ஒரு சிப்பாய் டாங்கியே இல்லை என்றும், இன்னொருவர் டாங்கிக்குப் பின்னால் ஒதுங்கித்தான் பிழைத்தேன் என்றும் சொன்னால், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அவர் எந்தப் பிரிவு, கரையின் எந்தத் துண்டில், எத்தனையாவது அலையில் (தொகுதி தொகுதியாக இறங்கிய படைகளை அலை என்பார்கள்) இறங்கினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஓமாஹாவில் முதல் அலை காலை 6:30-க்கு இறங்கியது. ஸ்வோர்டிலும் கோல்டிலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து. கடல் ஏற்றம் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு நேரம் என்பதால் இப்படித் திட்டமிட்டார்கள். கடல் ஏற ஏறக் கரை குறுகியது, காயம்பட்டு நகர முடியாமல் கிடந்தவர்கள் மூழ்கினார்கள். காலையில் வந்தவர் பார்த்த கரை மதியம் வந்தவர் பார்த்தது கிடையாது.

எண்ணிக்கையும் தலைக்கவசமும்

நினைவு மிக மோசமாகச் சறுக்குவது எண்களில். இதற்கு ஹைன் செவர்லோவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஓமாஹாவைப் பார்த்த மேட்டில், 62ஆம் எண் காவல் அரணில் இயந்திரத் துப்பாக்கியோடு இருந்த ஜெர்மன் சிப்பாய். விவசாயக் குடும்பத்துப் பையன், வயது 20. காலையிலிருந்து மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருந்தார். பல ஆண்டுகள் அதிகம் பேசாமல் இருந்துவிட்டு, முதுமையில் விரிவாகப் பேசினார். தன் குண்டுக்கு இரையானவர்கள் ஆயிரத்துக்குக் குறைய மாட்டார்கள், இரண்டாயிரம்கூட இருக்கலாம் என்றார்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஓமாஹா கரை முழுவதிலும் அன்று இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோரும் சேர்ந்து சுமார் 2,400 பேர் என்பதே நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கரையில் ஜெர்மானியருக்குப் பல அரண்கள், பல துப்பாக்கிகள், பீரங்கிகள் இருந்தன. ஒரே ஆள் அத்தனை பேரை வீழ்த்தியிருக்க முடியாது.

சரி, அப்படியானால் செவர்லோவை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அவர் இன்னொன்றும் சொன்னார். தண்ணீரிலிருந்து ஓடிவந்த ஓர் அமெரிக்கரைக் குறிபார்த்தார், குண்டு நெற்றியில் பட்டது, தலைக்கவசம் கழன்று கடலை நோக்கி உருண்டது. அந்தக் காட்சி வாழ்நாள் முழுக்கக் கனவில் வந்ததாகவும், நினைத்தாலே அழுகை வருவதாகவும் சொன்னார். எனக்கு இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த எண்ணிக்கை கணக்கெடுத்துச் சொன்னதாக இருக்க முடியாது. தான் செய்ததன் பாரம் அவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதற்கு அது ஓர் அளவு. அந்த ஒரு தலைக்கவசம் அவர் கண்ணால் கண்டது. இந்தப் பிரிப்பைச் செய்யப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

கேட்டவர் யார், எப்போது கேட்டார்?

சாட்சியம் தானாக முளைப்பதில்லை, யாரோ ஒருவர் கேட்க வேண்டும். ஃபாரஸ்ட் போக் என்ற அமெரிக்க ராணுவ வரலாற்றாளர், அப்போது அவர் சார்ஜென்ட், டி-டே அன்று கடலில் நின்ற ஒரு கப்பலில் இருந்தார். கரையிலிருந்து காயத்தோடு கொண்டுவரப்பட்டவர்களிடம் அங்கேயே பேசிக் குறிப்பெடுத்தார். இதைவிடச் சூடான சாட்சியம் இருக்க முடியாது. ஆனால் அவர்களில் பலருக்குத் தங்களைச் சுற்றி என்ன நடந்தது என்பதே தெளிவாகியிருக்காது. வலியும் மருந்தும் அதிர்ச்சியும் சேர்ந்த பேச்சு அது.

எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற இன்னொரு ராணுவ வரலாற்றாளர் வேறு வழியைப் பிடித்தார். சண்டை முடிந்ததும் ஒரு பிரிவில் மிஞ்சியவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார், தப்பாகச் சொன்னால் திருத்துவார். நல்ல யோசனைதான். ஆனால் கேட்டு எழுதுபவரும் மனிதர்தானே. ஓமாஹாவின் முதல் அலையைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது: கரைக்கு இன்னும் கிட்டே போக மறுத்த பிரிட்டிஷ் படகோட்டியை ஓர் அமெரிக்கக் கேப்டன் கைத்துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்று. வாசிக்க விறுவிறுப்பான கதை, பலரும் அதை எடுத்து எழுதினார்கள். அதே படகில் வந்து உயிர் பிழைத்த, பிரிவின் வானொலிக் கருவியை இயக்கிய சிப்பாய், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று பிற்பாடு மறுத்தார். படகோட்டிகளின் குடும்பங்களுக்கு அந்த ஒரு பத்தி எவ்வளவு வலித்திருக்கும். ஆகவே அச்சில் வந்ததா என்பதைப் பார்ப்பது போதாது. சொன்னவர் அந்தப் படகில் இருந்தாரா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், ஆண்டுகள். டி-டே சாட்சியங்களில் பெரும்பகுதி நடந்து நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்து பதிவானவை. லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1972-இல் ஒலிக் காப்பகத்தைத் தொடங்கியது. 1984-இல் நடந்த 40ஆம் ஆண்டு விழாவும் 1994-இன் 50ஆம் ஆண்டு விழாவும் பலரைப் பேசவைத்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகள் கேட்கத் தொடங்கிய வயது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் திரைப்படங்களைப் பார்த்திருக்கிறார்கள், புத்தகங்கள் படித்திருக்கிறார்கள், சங்கக் கூட்டங்களில் ஒருவர் கதையை மற்றவர் கேட்டிருக்கிறார்கள். கேட்டது கண்டதோடு கலந்துவிடும், அது அவர்களுக்கே தெரியாது. ஒரு முதியவரின் பேச்சில் திடீரென்று கரை முழுவதையும் மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு வர்ணனை வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

புகழ்பெற்ற வசனங்களும் அப்படித்தான். ஓமாஹாவில் கர்னல் ஜார்ஜ் டெய்லர், இந்தக் கரையில் இருக்கப்போகிறவர்கள் இரண்டே வகை, செத்தவர்களும் சாகப்போகிறவர்களும், எனவே கிளம்புங்கள் என்ற பொருள்பட ஆட்களை விரட்டினார். இதன் வார்த்தைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். குண்டுமழையில் யாரும் எழுதிவைத்துக்கொள்ளவில்லை. வார்த்தை மாறுவதால் சம்பவமே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆவணம் மட்டும் தப்பே செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர், தரையிறக்கம் தோற்றுப்போனால் வெளியிடுவதற்காக ஒரு சின்னக் குறிப்பைத் தன் கையால் எழுதிவைத்தார், பழி முழுவதும் தன்னுடையது என்று. அதில் தேதியை ஜூன் என்று போடுவதற்குப் பதில் ஜூலை 5 என்று எழுதியிருக்கிறார். எழுதிய அன்றே, தளபதியின் கையாலேயே, இப்படி.

பேசாதவர்கள், கேட்கப்படாதவர்கள்

பதிவுகளின் குவியலைப் பார்க்கும்போது இல்லாத குரல்களையும் நினைக்க வேண்டும். செத்தவர்கள் பேசவில்லை என்பது வெளிப்படை. உயிரோடு இருந்தும் பேசாதவர்கள் ஏராளம். 1944 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கடற்கரையருகே தரையிறக்க ஒத்திகை நடந்தபோது ஜெர்மன் வேகப்படகுகள் பாய்ந்து 700-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று பிழைத்தவர்களுக்கு உத்தரவு. போர் முடிந்த பிறகும் பலர் அந்த மௌனத்தைத் தொடர்ந்தார்கள்.

ஓமாஹாவில் மருத்துவ உதவியாளராக இறங்கிய சார்லஸ் ஷே, அமெரிக்கப் பூர்வகுடிகளில் பெனாப்ஸ்காட் இனத்தவர். ஏறிவரும் அலையில் மூழ்கவிருந்த காயம்பட்டவர்களை இழுத்து இழுத்து மேலே போட்டவர். அவரும் பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதுமையில் நார்மண்டிக்கே குடிபோய், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

வேவர்லி உட்சன் கதை இன்னும் கனமானது. எதிரி விமானங்கள் தாழப் பறக்காமல் தடுக்கப் பலூன்களைப் பறக்கவிட்ட, கறுப்பினத்தவர்களைக் கொண்ட 320ஆவது தடுப்புப் பலூன் பிரிவின் மருத்துவ உதவியாளர். படகிலேயே காயம்பட்டார். அப்படியும் கரையில் சுமார் 30 மணி நேரம் நின்று, ஏறக்குறைய 200 பேருக்குச் சிகிச்சை செய்தார். உரிய விருது கிடைக்கவில்லை. பிறகு ஆதாரம் தேடியபோது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் 1973-இல் ஏற்பட்ட தீ குறுக்கே நின்றது. அதில் லட்சக்கணக்கான கோப்புகள் எரிந்துபோயின, அவருடையதும் சேர்ந்து. எஞ்சியவை அந்தக் காலப் பத்திரிகைச் செய்திகள், ஒரு சில தாள்கள், பிறகு அவரே சொல்லிவைத்தவை. 2005-இல் அவர் இறந்தார். ராணுவத்தின் இரண்டாவது உயரிய வீர விருது 2024-இல் வந்தது, குடும்பத்தின் கைக்கு.

நார்மண்டி மக்களின் குரலும் அதிகம் கேட்பதில்லை. அவர்களுடைய ஊர்கள் நேச நாட்டு விமானக் குண்டுகளால் தரைமட்டமாயின, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். விடுதலையும் அதே நாட்களில் வந்தது. கான் நகரின் நினைவு அருங்காட்சியகத்தில் இவர்களுக்கும் இடம் உண்டு.

எங்கே தொடங்கலாம்?

இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ஒலிப் பதிவுகள் பலவும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் திரட்டிவரும் முன்னாள் படைவீரர் பேட்டிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எடுத்த எடுப்பில் புகழ்பெற்ற பெயர்களைத் தேட வேண்டாம். ஒரு கரையை மட்டும் பிடித்துக்கொண்டு, அங்கே இறங்கிய ஒரு காலாட்படைச் சிப்பாய், ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு படகோட்டி என்று மூன்று பேரைக் கேளுங்கள். கேட்கும்போது அவர் தானே கண்டது எது, பிறகு கேள்விப்பட்டது எது என்று ஒரு தாளில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்டி எடுத்த ஆண்டையும் மேலே குறியுங்கள். அதன் பிறகு அந்தப் பிரிவின் அறிக்கையைத் தேடி நேரங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூவரில் படகோட்டியை விட்டுவிடாதீர்கள். காலாட்படைச் சிப்பாய் கரைக்கு ஒரு முறைதான் வந்தார், அதன் பிறகு அவர் கண் மேட்டின் மீதுதான் இருந்தது. படகோட்டி கப்பலுக்கும் கரைக்குமாக அன்று திரும்பத் திரும்பப் போய்வந்தார். ஆட்களை இறக்கிவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரே கரை காலையிலிருந்து சாயங்காலம் வரை எப்படி மாறியது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டவர்களோ குறைவு.